வரையறுக்கப்படாத மாறிகள்: வாசகர் ஐயங்களும் விடைகளும்

இம்மாதக் கடிதங்களுள் பெரும்பாலானவை ஒரே ஐயத்தையே வெவ்வேறு வடிவங்களில் எழுப்பியிருந்தன. நிரலை ஓட்டாமலேயே படித்துப் பார்த்துக் குறை சொல்லும் ஸ்டாட்டிக் அனாலிசிஸ் கருவிகள், 'இந்த மாறி வரையறுக்கப்படவில்லை', அதாவது மதிப்பை ஏந்த வேண்டிய இந்தப் பெயருக்கு மதிப்பே கொடுக்கப்படவில்லை, என்று சுட்டிக்காட்டும்போது என்ன செய்ய வேண்டும் என்பதே அந்த ஐயம். ஆகவே இந்த இதழில் அக்கேள்விகளுக்கு மட்டும் விடையளிக்கிறோம்.

கேள்வி: வணக்கம் ஐயா. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்காக, விவசாயிகளுக்குச் சிட்டை போடும் நிரலை நான் பராமரித்து வருகிறேன். அது பிஹெச்பி என்னும் நிரல்மொழியின் 7-ஆம் பதிப்பில் எழுதப்பட்டது. பதிப்பு 8-க்கு மாற்றுவதற்கு முன்பாகப் பிஹெச்பிஸ்டான் என்னும் ஸ்டாட்டிக் அனாலிசிஸ் கருவியைக் கொண்டு சோதித்தேன். கண்டிப்பு மிகக் குறைந்த பூஜ்ஜியம் நிலையில் சில பிழைகளே வந்தன. ஒன்றாம் நிலைக்கு உயர்த்தியதும், மாறி 'வரையறுக்கப்படாமல் இருக்கக்கூடும்' என்ற செய்தி நூற்றுக்கணக்கில் வருகிறது. ஆனால் கடையில் நிரல் இத்தனை ஆண்டுகளாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் எல்லா மாறிகளுக்கும் பூஜ்ஜியத்தையோ வெற்றுச் சரத்தையோ (எழுத்தே இல்லாத உரையையோ) கொடுத்துவிட்டால் போதும் என்கிறார் நண்பர். அவ்வாறு செய்யலாமா?
— வாசகர், ஒத்தக்கடை

பதில்: செய்தால் செய்திகள் எல்லாம் மறைந்துவிடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிழை இருந்த இடத்திலேயே இருக்கும். அதைச் சொல்ல ஆள் இருக்காது.

முதலில் அந்த இரு நிலைகளின் வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பூஜ்ஜியம் நிலையில் கருவி சுட்டுவது, நிரல் எந்த வழியாகச் சென்றாலும் மதிப்பே பெறாத மாறிகளை. இவற்றில் பெரும்பாலானவை எழுத்துப் பிழைகளாக இருக்கும்; ஓரிடத்தில் $மொத்தம் என்றும் மற்றோரிடத்தில் $மொத்தத்தொகை என்றும் எழுதியிருப்பீர்கள். அல்லது செயற்கூறுக்கு (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் பகுதிக்கு) வெளியே மதிப்புப் பெற்ற மாறியை உள்ளே பயன்படுத்தியிருப்பீர்கள். பிஹெச்பியில் வெளியே உள்ள மாறி செயற்கூறுக்குள் தானாகத் தெரியாது. இவற்றை ஒன்றுவிடாமல் உடனே திருத்துங்கள், இவற்றில் யோசிக்க எதுவுமில்லை.

யோசிக்க வேண்டியவை ஒன்றாம் நிலையில் வருபவை. அங்கே கருவி கூறுவது, 'சில வழிகளில் இந்த மாறிக்கு மதிப்பு கிடைக்கிறது, ஏதோ ஒரு வழியில் கிடைக்கவில்லை' என்பதாகும். எனவே நீங்கள் தேட வேண்டியது அந்த ஒரு வழியைத்தான். அதைக் கண்டுபிடிக்காமல் மேலே பூஜ்ஜியம் எழுதுவது, அந்த வழியில் செல்லும் ஒவ்வொரு சிட்டைக்கும் 'விலை பூஜ்ஜியம்' என்று நீங்களே கையெழுத்திடுவதற்கு ஒப்பாகும்.

உங்கள் நிரலில் இருக்கக்கூடிய ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். வந்திறங்கிய பூக்களின் பட்டியலை ஃபோர்ஈச் மடக்கு (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஒவ்வொன்றாக எடுக்கிறது. உள்ளே ஸ்விட்ச் என்னும் கிளை பிரிக்கும் அமைப்பு, பூவின் வகையைப் பார்த்து $விலை என்ற மாறியில் அன்றைய கிலோ விலையை இடுகிறது. மல்லிகை, முல்லை, பிச்சி, சம்பங்கி என நான்கு கிளைகள் உள்ளன, எதிலும் சேராதவற்றுக்கான டீஃபால்ட் கிளை இல்லை. அடுத்த வரி விலையையும் எடையையும் பெருக்கிச் சிட்டையில் எழுதுகிறது. ஒருநாள் கனகாம்பரம் வருகிறது. அது பட்டியலின் முதல் வரியாக இருந்தால் $விலை என்ற மாறியே பிறந்திருக்காது. பிஹெச்பி அதை நல், அதாவது 'மதிப்பில்லை', என்று கொண்டு, எடையுடன் பெருக்கிப் பூஜ்ஜியம் என்று விடை தரும். பூஜ்ஜிய ரூபாய்ச் சிட்டையைக் கையில் வாங்கிய விவசாயி அங்கேயே கேட்டுவிடுவார், தவறு தெரிந்துவிடும். அதே கனகாம்பரம் மூன்றாவது வரியாக, மல்லிகைக்கு அடுத்து வந்திருந்தால் நிலைமை வேறு. பிஹெச்பியில் மடக்கு தனக்கென வரையெல்லையை (மாறி செல்லுபடியாகும் பரப்பை) உருவாக்குவதில்லை. சென்ற சுற்றில் மாறியில் இருந்த மதிப்பு இந்தச் சுற்றிலும் அப்படியே இருக்கும். ஆகவே கனகாம்பரத்திற்கு மல்லிகையின் விலை போடப்படும். எச்சரிக்கை எதுவும் வராது, ஏனெனில் மாறி வரையறுக்கப்பட்டுத்தான் இருக்கிறது. முகூர்த்த நாளில் மல்லிகை விலை உச்சத்தில் இருக்கும்போது இதனால் இழப்பு கடைக்கு; மற்ற நாட்களில் அது விவசாயிக்காகவும் இருக்கலாம். 'நிரல் இத்தனை ஆண்டுகளாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொற்றொடரை நான் ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது நண்பர் சொன்னபடி கோப்பின் தலையில் $விலைக்குப் பூஜ்ஜியம் கொடுத்துப் பாருங்கள். முதல் வரியில் வரும் பூஜ்ஜியச் சிட்டையும் மாறாது, மூன்றாம் வரியில் வரும் மல்லிகை விலையும் மாறாது. கருவி மட்டும் பேசாமல் இருக்கும்.

சரியான திருத்தம், தெரியாத பூவுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்வதில் இருக்கிறது. அந்த முடிவைக் கடைக்காரரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கருவியாலோ உங்களாலோ ஊகித்துச் சொல்ல இயலாது. பெரும்பாலும் அவர், 'விலை தெரியாமல் சிட்டை போடாதே' என்றே சொல்வார். அப்படியானால் டீஃபால்ட் கிளையை எழுதி அங்கே எக்ஸெப்ஷன், அதாவது ஓட்டத்தை நிறுத்தும் பிழை அறிவிப்பு, எறியுங்கள். பதிப்பு 8-க்குத்தான் செல்கிறீர்கள் என்பதால், ஸ்விட்சுக்குப் பதிலாக 8.0-இல் வந்த மேட்ச் என்ற அமைப்பைப் பயன்படுத்தலாம். பொருந்தும் கிளை இல்லையென்றால் அதுவே பிழையை எறிந்து நின்றுவிடும். இன்னும் நல்லது, விலையைக் கண்டுபிடிக்கும் பகுதியைத் தனிச் செயற்கூறாகப் பிரித்து, அது திருப்பித் தரும் மதிப்பின் வகையையும் அறிவித்துவிடுவது. ஒவ்வொரு அழைப்பிலும் செயற்கூறின் உள்மாறிகள் புதிதாகவே தொடங்குவதால் சென்ற சுற்றின் விலை ஒட்டிக்கொண்டு வராது. மதிப்புத் தராமல் முடியும் வழி ஏதேனும் இருந்தால் பிஹெச்பிஸ்டானும் அதைச் சுட்டிவிடும்.

தொடக்க மதிப்பு கொடுப்பதே தவறு என்று நான் கூறவில்லை. சிட்டையின் கூட்டுத்தொகை பூஜ்ஜியத்தில் தொடங்குவது உண்மையான தொடக்கம். ஒரு பூவும் வராத நாளில் கூட்டுத்தொகை பூஜ்ஜியம்தான். பூவின் விலைக்குப் பூஜ்ஜியம் என்பது உண்மையன்று. ஒவ்வொரு மாறியின் முன்பும் நின்று, 'மதிப்பு வராத வழியில் இந்த எண் உண்மையாக இருக்குமா?' என்று கேளுங்கள். ஆம் என்றால் தொடக்க மதிப்பு கொடுங்கள். இல்லை என்றால் அந்த வழியை அடைத்துவிடுங்கள்.

உங்கள் பட்டியலில் இன்னும் இரண்டு வகைகள் மிகுதியாக இருக்கும் என்று எண்ணுகிறேன். ஒன்று, ட்ரை (பிழை நேரக்கூடிய) பகுதிக்குள் மதிப்புப் பெற்ற மாறியைக் கேட்ச் (பிழையைப் பிடிக்கும்) பகுதிக்குப் பின்னால் பயன்படுத்துவது. தரவுத்தள இணைப்பு அறுந்து, கேட்ச் பகுதி அதைப் பதிவேட்டில் குறித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டால், கீழே வரும் வரிகள் பிறக்காத மாறியைத்தான் தொடுகின்றன. கேட்ச் பகுதியிலேயே செயற்கூறிலிருந்து வெளியேறுங்கள், அல்லது பிழையை மேலே எறியுங்கள். மற்றொன்று பொய்யான புகார். உள்நுழையாத பயனரைத் திருப்பியனுப்பிவிட்டு எக்ஸிட் கட்டளையால் நிரலை முடித்துவிடும் செயற்கூறு ஒன்றை நீங்களே எழுதியிருப்பீர்கள். அது ஒருபோதும் திரும்பி வராது என்பது கருவிக்குத் தெரியாதிருக்கலாம். பிஹெச்பி 8.1-இல் வந்த நெவர் என்ற திருப்பு வகையை அதற்கு இட்டால், அந்த ஒரு சொல்லிலேயே பல புகார்கள் ஒருசேர மறைந்துவிடும். இதை முதலில் செய்துவிட்டு மீதியை எண்ணிப் பாருங்கள்.

இதைத் தள்ளிப்போடுவதற்கும் இனி இடமில்லை. வரையறுக்கப்படாத மாறியைப் படிப்பது பிஹெச்பி 7 வரை வெறும் நோட்டீஸாக (மென்மையான குறிப்பாக) இருந்தது. இயல்பான அமைப்பிலேயே நோட்டீஸ்கள் காட்டப்படாததால் பலருக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. 2020-இல் வெளியான 8.0 அதை எச்சரிக்கையாக உயர்த்தியது. பதிப்பு 9-இல் நிரலையே நிறுத்தும் பிழையாக்குவதென்று 2022-இல் அம்மொழியை உருவாக்குவோர் வாக்களித்து முடிவு செய்துள்ளனர்.

கேள்வி: எங்கள் பழைய இணையதளத்தில் தலைப்பகுதி, அடிப்பகுதி முதலியவை தனித்தனிக் கோப்புகளாக இருந்து இன்க்ளூட் மூலம் சேர்க்கப்படுகின்றன. அந்த வார்ப்புருக் கோப்புகளில் உள்ள ஒவ்வொரு மாறியையும் கருவி வரையறுக்கப்படாதது என்கிறது. உண்மையில் அவை அழைக்கும் கோப்பில் வரையறுக்கப்பட்டுள்ளன. சில இடங்களில் எக்ஸ்ட்ராக்ட் என்ற செயற்கூறும் பயன்பட்டுள்ளது. இவற்றை அலட்சியம் செய்யலாமா?
— வாசகி, வில்லாபுரம்

பதில்: இன்க்ளூட் செய்யப்படும் கோப்பு, அழைக்கும் இடத்தின் மாறிகளை எல்லாம் பெறும் என்பது மொழியின் விதி. ஆனால் கருவி அந்தக் கோப்பைத் தனியாகப் படிக்கிறது; யார் அழைப்பார்கள் என்பதை அது அறியாது. அந்த வகையில் புகார் பொய்தான். எனினும், ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறக்கும் புதிய பணியாளரும் அதே நிலையில்தான் இருப்பார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கோப்பின் தலையில் ஆவணக் குறிப்பாக, இன்னின்ன மாறிகள் இன்னின்ன வகையில் வெளியிலிருந்து வரும் என்று அட்-வார் குறியுடன் எழுதினால் கருவி அதை ஏற்றுக்கொள்ளும், மனிதருக்கும் பயன்படும். வாய்ப்பிருந்தால் வார்ப்புருவை அழைக்கும் செயற்கூறு ஒன்றை எழுதி, வேண்டிய மதிப்புகளைப் பெயர் சொல்லி உள்ளே அனுப்புங்கள்.

எக்ஸ்ட்ராக்ட் வேறு வகை. ஓர் அணியின் (மதிப்புகளின் தொகுப்பின்) சாவிகளை, அதாவது அம்மதிப்புகளின் பெயர்களை, எல்லாம் மாறிகளாக்கி விடும் அந்தச் செயற்கூறுக்குப் பின்னால் எந்த மாறி இருக்கிறது, எது இல்லை என்று எந்தக் கருவியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. படிவத்திலிருந்து வந்த தரவை நேராக அதற்குள் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: வெளியாள் தான் விரும்பிய மாறியை உங்கள் நிரலுக்குள் உருவாக்கவோ, இருப்பதை மாற்றவோ அது வழி திறந்துவிடும். இதே குறைக்காகத்தான் படிவத் தரவைத் தானாகவே மாறிகளாக்கிய ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்ற வசதி 2002-இல் இயல்பாக அணைக்கப்பட்டு, 2012-இல் வந்த 5.4 பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டது. மொழி கைவிட்டதை நாம் கையால் மீண்டும் கட்டக் கூடாது. அந்த வரிகளை நீக்கிவிட்டு, வேண்டிய மதிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். வராமல் இருக்கக்கூடிய படிவ மதிப்புகளுக்கு மதிப்பில்லாவிட்டால் மாற்று மதிப்பைத் தரும் இரட்டைக் கேள்விக்குறி இயக்கி பொருத்தமானது. ஆனால் உங்கள் நிரலிலேயே பிறக்கும் மாறிகளுக்கு அதைத் தூவிக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் மொழியின் வரையெல்லை பாடத்தில், ஒரு பெயரை உள்ளூரில் தொடங்கி வெளிநோக்கி அடுக்கடுக்காகத் தேடும் எல்இஜிபி விதியை நடத்தியபின் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. செயற்கூறுக்கு வெளியே மொத்தம் என்ற மாறிக்குப் பூஜ்ஜியம் கொடுத்திருக்கிறாள். உள்ளே அதை அச்சிட்டால் சரியாக வருகிறது. அச்சிடும் வரிக்குக் கீழே மொத்தத்துடன் மதிப்பெண்ணைக் கூட்டி மொத்தத்திலேயே இடும் வரியைச் சேர்த்ததும், முன்பு சரியாக இருந்த அச்சிடும் வரியிலேயே பிழை வருகிறது. கீழே சேர்த்த வரி மேலே உள்ள வரியை எவ்வாறு கெடுக்கும்?
— ஆசிரியை, மேலூர்

பதில்: அந்த மாணவிக்கு என் பாராட்டுகள், பணியில் இருப்போர் பலரும் இந்த இடத்தில் இடறுகின்றனர்.

பைத்தான் ஒரு செயற்கூறை ஓட்டுவதற்கு முன்பே அதன் உடல் முழுவதையும் படித்து, எந்தப் பெயர் உள்ளூர்ப் பெயர், எது வெளிப் பெயர் என்று முடிவு செய்துவிடுகிறது. செயற்கூறின் உள்ளே எங்கேனும் ஒரு பெயருக்கு மதிப்பிருத்தல் நடந்தால், அது கடைசி வரியில் இருந்தாலும், அந்தப் பெயர் செயற்கூறு முழுவதிலும் உள்ளூர்ப் பெயராகிவிடும். எனவே கீழே ஒரு வரியைச் சேர்த்தபோது, மேலே இருந்த 'மொத்தம்' வெளி மாறியைக் குறிப்பதை நிறுத்திவிட்டது. அது இன்னும் மதிப்புப் பெறாத உள்ளூர் மாறியாகிவிட்டது. அன்பவுண்ட் லோக்கல் எரர் என்பது இதைத்தான் கூறுகிறது. எல்இஜிபி விதி தேடும் வரிசையைக் கூறுகிறது. ஒரு பெயர் உள்ளூரைச் சேர்ந்தது என்று முடிவாகிவிட்டால், அங்கே மதிப்பில்லை என்பதற்காக அடுத்த அடுக்குக்குப் போய்த் தேடுவதில்லை. பாடத்தில் இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்லிவிட்டால் குழப்பம் தீரும்.

திருத்துவதற்கு குளோபல் என்று அறிவிக்கலாம்; தேர்வுக்கு அதையும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மொத்தத்தை அளபுருவாக, அதாவது உள்ளீடாக, பெற்று, கூட்டியபின் ரிட்டர்ன் மூலம் திருப்பித் தரும் செயற்கூறை எழுதக் கற்றுக்கொடுப்பதே சிறந்தது. பள்ளி ஆய்வகத்தில் பைஃபிளேக்ஸ் என்ற சிறு கருவியை நிறுவினால், நிரலை ஓட்டாமலேயே இந்தப் பிழையை அது சுட்டிவிடும். ஒரு நூலகத்திலிருந்து எல்லாவற்றையும் நட்சத்திரக் குறியிட்டு இறக்குமதி செய்யும் பழக்கத்தை மட்டும் மாணவர்களிடம் ஊக்குவிக்காதீர்கள். அப்படிச் செய்தால் எந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கருவியால் உறுதி கூற முடியாது.

பைத்தானில் மேலும் இரண்டு பொறிகளை உங்கள் மாணவர்களுக்குச் சுட்டலாம். ஃபோர் மடக்கின் மாறியை மடக்கு முடிந்தபின் பயன்படுத்தினால், பட்டியல் காலியாக இருக்கும் நாளில் அந்த மாறியே இருக்காது. எக்ஸெப்ட் பகுதியில் ஆஸ் என்று எழுதிப் பெயரிட்ட பிழை மாறி, அந்தப் பகுதி முடிந்ததும் பைத்தான் 3-ஆல் அழிக்கப்பட்டுவிடும். கீழே அதைத் தொட்டால் நேம் எரர்தான்.

கேள்வி: மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்து பிஹெச்பியில் நிரல் எழுதுகிறேன். $தொகை என்ற மாறிக்கு முந்தைய வரியில்தான் மதிப்புக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வரியில் அதே $தொகை வரையறுக்கப்படவில்லை என்கிறது கருவி. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், வேறுபாடே இல்லை. கருவியில் குறையா?
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: குறை கருவியில் இல்லை, கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு அங்கே இருக்கிறது. எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு தரும் யூனிகோடில் 'தொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகப் பதிய முடியும். தகரத்தின்பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடுவது ஒரு முறை. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடுவது மற்றொரு முறை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பிஹெச்பி மாறியின் பெயரை வெறும் பைட்டுகளின் வரிசையாகவே ஒப்பிடுவதால், இவை அதற்கு இரண்டு வெவ்வேறு மாறிகள். ஜாவாஸ்கிரிப்டும் இவற்றைச் சமப்படுத்துவதில்லை. பைத்தான் 3 மட்டும் பெயர்களைப் படிக்கும்போதே சமப்படுத்திவிடுவதால் அங்கே இந்தச் சிக்கல் எழாது. ஒரு வரியை நீங்கள் விசைப்பலகையில் அடித்து, மற்றதை வேறு கோப்பிலிருந்து ஒட்டியிருப்பீர்கள் என்றே கருதுகிறேன்.

பின்-டு-ஹெக்ஸ் என்ற செயற்கூறில் இரண்டு பெயர்களையும் சரங்களாகக் கொடுத்துப் பாருங்கள். பைட்டுகள் வேறாக இருப்பது தெரிந்துவிடும். ஒரே மாறி என்றால் பெயரை மீண்டும் கையால் அடித்துவிடுங்கள். கோப்புகள் பல என்றால், பிஹெச்பியின் இன்டல் நீட்சியில் உள்ள நார்மலைசர் வகுப்பின் மூலம் எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை கடத்தி ஒரே வடிவத்திற்குக் கொண்டுவரலாம்.

ஆனால் ஒன்று: ஔகாரக் குறியுடன் பௌர்ணமி என்று எழுதுவதும், ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து பெளர்ணமி என்று எழுதுவதும் யூனிகோடின் பார்வையில் வெவ்வேறு எழுத்துகள். இதை நார்மலைசரும் சமப்படுத்தாது, பைத்தானும் சமப்படுத்தாது. அது எழுத்துப் பிழை, நீங்கள்தான் திருத்த வேண்டும். இணையத்திலிருந்து ஒட்டும் வரிகளில் உடையாத இடைவெளி என்னும் குறியீடு ஒளிந்து வருவதும் உண்டு. பிஹெச்பி அதையும் பெயரின் பகுதியாக ஏற்றுக்கொள்ளும் என்பதால், ஆங்கிலப் பெயர் வைப்போருக்கும் இதே பிழை நேர்கிறது. தமிழில் பெயர் வைப்பதைக் கைவிட வேண்டாம். கடையின் மொழியும் நிரலின் மொழியும் ஒன்றாக இருப்பது கணக்குச் சரிபார்க்கப் பெரிதும் உதவும் என்பதே என் கருத்து.

கேள்வி: இலந்தைக்குளம் தொழில்நுட்பப் பூங்காவில் பணிபுரிகிறேன். எங்கள் குழு ஏற்றுக்கொண்ட பழைய நிரலில் பிஹெச்பிஸ்டான் பல ஆயிரம் பிழைகளைக் காட்டியது. மேலாளர் எல்லாவற்றையும் பேஸ்லைன் கோப்பில் இட்டு, 'இனிமேல் வருவதை மட்டும் பார்ப்போம்' என்கிறார். இது சரியா?
— வாசகி, கே.கே. நகர்

பதில்: மேலாளர் சொல்வதில் பாதி சரி. பேஸ்லைன் என்பது இருக்கும் பிழைகளைச் செய்தி, கோப்பு, எண்ணிக்கை என்ற அளவில் பதிவு செய்துகொண்டு, அவற்றுக்கு மேல் வருவனவற்றை மட்டும் சொல்லும் ஏற்பாடு. வரி எண் அதில் இல்லாததால், கோப்பின் நடுவே புதிய வரிகளைச் சேர்த்தாலும் அது குலையாது. அதே செய்தி அதே கோப்பில் ஒன்று கூடினால் உடனே சொல்லிவிடும். பழைய நிரலை ஏற்றுக்கொண்ட குழுவுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

ஆனால் வகை அறிவிப்பு விடுபட்டிருப்பதையும், வரையறுக்கப்படாத மாறியையும் ஒரே கோணியில் கட்டக் கூடாது. முன்னது குறிப்பு விடுபட்ட குறை. பின்னது, இன்றே எங்கோ தவறான விடை தந்துகொண்டிருக்கக்கூடிய பிழை. பேஸ்லைனை உருவாக்குவதற்கு முன் கருவியைப் பூஜ்ஜியம் நிலையில் ஓட்டி, அங்கு வருபவற்றைத் திருத்திவிடுங்கள். பிறகு ஒன்றாம் நிலையில் வரும் மாறிப் புகார்களில், பணம், இருப்பு, அனுமதி ஆகியவற்றைத் தொடும் கோப்புகளை மட்டுமாவது பாருங்கள். எஞ்சியதைப் பேஸ்லைனில் இடுவதை மேலாளருடன் சேர்ந்து நானும் ஏற்கிறேன்.

கேள்வி: ஒரே நிபந்தனையுள்ள இரண்டு இஃப் கூற்றுகள். முதலாவதில் மாறிக்கு மதிப்பு, இரண்டாவதில் அதன் பயன்பாடு. பிழை நேர வழியே இல்லை, ஆனாலும் கருவி குறை சொல்கிறது. இவ்வளவு கூடவா அதற்குத் தெரியாது?
— கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்

பதில்: எளிய வடிவங்களைச் சில கருவிகள் அறிந்துகொள்ளும், எல்லாவற்றையும் அறிய இயலாது. ஒரு நிரல் ஓட்டத்தில் எந்த வழியாகச் செல்லும் என்பதை, அதை ஓட்டாமல் எல்லா நிரல்களுக்கும் பொதுவாகச் சொல்லிவிடும் முறை இருக்க முடியாது என்பது, 1936-இல் கணிதவியலாளர் ஆலன் ட்யூரிங் நிறுவிய முடிவிலிருந்தே பெறப்படுகிறது. ஆதலால் கருவிகள் நிபந்தனைகளின் பொருளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, செல்லக்கூடிய வழிகளை எல்லாம் சென்றதாகவே கொள்கின்றன. பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1978-இல் சி மொழிக்காக உருவாக்கிய லின்ட் என்னும் சோதனைக் கருவியின் காலத்திலிருந்தே இந்தக் குறை உண்டு. ஜாவா இன்னும் கண்டிப்பானது. அங்கே இப்படி எழுதினால் நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே மறுத்துவிடும்.

உங்கள் நிரலில் இரண்டு இஃப் கூற்றுகளையும் ஒன்றாக்கிவிடுங்கள். இடையில் வரும் வரிகளில் யாரேனும் அந்த நிபந்தனையின் மதிப்பை நாளை மாற்றிவிட்டால், இன்று பொய்யாக இருக்கும் புகார் மெய்யாகிவிடும்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டைச் சோதிக்கும் ஈஎஸ்லின்ட் கருவி, ஜேகுவெரி நூலகத்தின் டாலர் குறியைக்கூட வரையறுக்கப்படாதது என்கிறது. இந்தப் புகாரைத் தரும் நோ-அன்டெஃப் விதியை அணைத்துவிடலாமா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: வேண்டாம். உலாவியும் நூலகமும் தரும் பெயர்களைக் கருவியின் அமைப்புக் கோப்பில் குளோபல்ஸ் பகுதியில் அறிவித்துவிடுங்கள். அந்தப் புகார்கள் மட்டும் நின்றுவிடும். விதியை அணைத்தால், ஸ்ட்ரிக்ட் என்னும் கண்டிப்பான முறையில் இல்லாத ஜாவாஸ்கிரிப்டில் பெயரைத் தவறாக எழுதி மதிப்பிருத்தும்போது புதிய உலகளாவிய மாறி ஒன்று ஓசையின்றிப் பிறந்துவிடும்.

கேள்வி: சுங்குடிச் சேலைக் கடையின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். பழைய பேக்கப்களை இரவில் அழிக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் கோப்பு) ஒன்று, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் ஓடுகிறது. கோப்புறையின் பெயர் ஒரு மாறியில் உள்ளது. அதன்பின் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் இட்டு, கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளை கொடுத்திருக்கிறேன். ஷெல்செக் கருவி அந்த வரியை எச்சரிக்கிறது. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் மாறிக்கு வெற்று மதிப்பு கொடுத்துவிட்டால் போதுமா?
— வாசகர், சிம்மக்கல்

பதில்: இந்த இதழிலேயே மிக அவசரமான கேள்வி உங்களுடையது. தயவுசெய்து வெற்று மதிப்பு கொடுக்காதீர்கள். அந்த மாறி வெறுமையாக இருந்தால், கட்டளையில் எஞ்சுவது சாய்கோடும் நட்சத்திரமும் மட்டுமே. அதன் பொருள் வட்டின் வேரிலிருந்து அனைத்தையும் அழி என்பதாகும். 2015-இல் லினக்ஸுக்கான ஸ்டீம் மென்பொருளின் ஸ்கிரிப்டில் இதே வடிவ வரி இருந்து, கோப்புறையின் பெயர் வெறுமையாகிப் போனதால் பயனர்களின் கோப்புகள் அழிந்தது பதிவாகியிருக்கிறது.

ஸ்கிரிப்டின் தலையில் செட் மைனஸ் யூ என்று எழுதினால், மதிப்பே பெறாத மாறியைத் தொட்டவுடன் ஷெல் நின்றுவிடும். ஆனால் வெறுமையான மாறி அதன் பார்வையில் வரையறுக்கப்பட்ட மாறியே. ஆகவே ஸ்டீம் போன்ற நிகழ்வை அந்த ஒரு வரி தடுக்காது. ஆர்எம் கட்டளையில் மாறியை நெளி அடைப்புக்குள் எழுதி, பெயரை அடுத்து முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் இடுங்கள்; மாறி இல்லாவிட்டாலும் வெறுமையாக இருந்தாலும் கட்டளை ஓடாமல் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். ஷெல்செக் பரிந்துரைப்பதும் இதையே.

அந்த மாறிக்கு ஸ்கிரிப்டிலேயே மதிப்புக் கொடுக்கிறீர்களா, அல்லது உங்கள் லாகின் கோப்பில் எக்ஸ்போர்ட் செய்ததை நம்பியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். கிரான் உங்கள் லாகின் கோப்புகளைப் படிப்பதில்லை. கையால் ஓட்டும்போது இருக்கும் மாறி இரவில் இருக்காது. பெயர் முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்தால், அது சூழலிலிருந்து வரும் என்று கொண்டு ஷெல்செக் 'மதிப்பு கொடுக்கப்படவில்லை' என்ற புகாரையும் தராது. ஆகவே பெயரைச் சிறிய எழுத்துகளுக்கு மாற்றி, கோப்புறையின் முழுப் பாதையையும் ஸ்கிரிப்டின் உள்ளேயே எழுதிவிட்டு, இன்றிரவு கிரான் ஓடுவதற்கு முன் ஒருமுறை ஆர்எம் இருக்கும் இடத்தில் எக்கோ (அழிக்காமல் திரையில் மட்டும் காட்டும் கட்டளை) இட்டு ஓட்டிப் பாருங்கள்.